மாமா வாங்கி வந்த கோடி

என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே கதவைத் திறந்துவிட்டேன். இந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அப்போது நான் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார விடுப்பில் காரிமங்கலத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று காலை எங்கள் பயிற்சிப் பள்ளியின் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று விழுந்துவிட்டது. எனக்குச் சொல்லித்தந்த வாத்தியாரும், என்னோடு படித்த பையன் ஒருவனும் போய்விட்டார்கள். அவன் தென்மாவட்டத்துக்காரன். ஊரிலிருந்து காரச்சேவு கொண்டுவந்து எண்ணி எண்ணிக் கொடுப்பான், கஞ்சப் பயல். அழுது முடித்து, போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். சந்தைக்குப் போயிருந்த அம்மாவின் போனில் வழக்கம்போல சார்ஜ் இல்லை.

இறந்த மாணவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று மட்டும் டிவியில் சொன்னார்களாம். அரூர்ப் பக்கம் இருக்கும் என் தாய்மாமனுக்குத் தெரிந்து, தமிழ்நாட்டிலேயே விமானம் ஓட்டப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். நான் விடுப்பில் வந்ததை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பொட்டப்பிள்ளைக்கு ஆகாசத்தில் என்ன வேலை என்று ஆரம்பித்துவிடுவார்.

மத்தியானம் வாசலில் டெம்போ வந்து நின்றது. எட்டுப் பேர் ஒப்பாரியோடு இறங்கினார்கள். பக்கத்து வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தேன். முன்னால் நின்ற அத்தையின் பாட்டு பாதியில் நின்றது. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அதே கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். போனை அணைத்து வைத்ததற்காம். மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்குளில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது.

எங்கள் பக்கம் பெண் இறந்தால் மேலே போர்த்தும் கோடிச் சேலையைத் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும்.

சந்தையிலிருந்து திரும்பிய அம்மா விஷயம் கேட்டு ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் கோழியைப் பிடித்தாள். சாவு வீடென்று வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் ஆளுக்கு இரண்டு உருண்டை களி தின்றது. ஒப்பாரியை எனக்கு முழுசாகப் பாடிக் காட்டச் சொன்னேன். என்னைக் கிளி, மயில் என்றெல்லாம் பாடியிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது ஒருநாளும் சொன்னதில்லை.

கை கழுவியதும் அம்மா ஆரம்பித்தாள். இனிமேல் அந்தப் படிப்பே வேண்டாம் என்றாள். எட்டுப் பேரும் ஆமாம் போட்டார்கள். எனக்கும் பயம்தான். வாத்தியார் இல்லாத இடத்துக்குப் போய், அதே மாதிரி விமானத்தில் எப்படி ஏறுவேன்? ஏறாவிட்டால் நான் யார்? இரண்டே நாளில் விடுப்பு முடிகிறது. மாமா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மா அதை மீற மாட்டாள். அவரோ வாயே திறக்கவில்லை.

கோடி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அத்தை பையைப் பிடுங்கினாள். உள்ளே அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை.

"கோடிக்கு எதுக்குங்க பட்டு?" என்று கேட்டாள்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடையில என்ன விசேசம்னு கேட்டாங்க. சாவுன்னு வாயில வரல. எங்க மருமவ பைலட் ஆயிட்டா, சீர் எடுக்க வந்தேன்னு சொல்லிட்டேன். முதலாளி எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. நான் அழுததை சந்தோசத்துல அழுவறேன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது கோடி இல்ல, சீரு. நான் சொன்னதைப் பொய்யாக்கிடாத கண்ணு."

அந்தப் பையனுக்கும் ஒரு மாமா இருந்திருப்பார். அவர் எந்தக் கடையில் என்ன சொல்லி வேட்டி வாங்கினாரோ.

இரண்டு நாள் கழித்து அம்மாவே என் பெட்டியை அடுக்கினாள். சேலையையும் எடுத்துப் போகிறேன் என்றேன். தரவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வூட்டுக்கு வந்து கட்டிக்க" என்றாள்.