பாதிப் பூங்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசித்துவிட்டேன். சாமி விஷயம் வருகிறது, அதுதான் தயக்கம். விபூதி பூசாமல் வாசல் தாண்டாதவன் நான். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அரிசி மண்டியில் வேலை பார்க்கிறவன். எழுதத் தெரியாமல் எழுதி, பிள்ளையாரைக் குறை சொல்லிவிட்டான் என்று பேர் வாங்கப் பயந்தேன். அந்தப் பயத்தைவிட இப்போது வயிற்றெரிச்சல் பெரிதாகிவிட்டது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்தாள். பேச்சு திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் இழுத்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டி, அதன்மேல் ஷூ மாட்டினால்தான் பாதம் தொங்காமல் நிற்கும். பயிற்சி கொடுத்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, இந்தக் கொஞ்ச மாசம் நடந்தாத்தான் உண்டு. விட்டுட்டீங்கன்னா கால் இப்படியே நின்னுரும்" என்றாள். தினமும், வண்டி வராத சமதரையில் நடக்க வேண்டும். எங்கள் தெருவில் நாய்க்கும் பைக்குக்கும் சாக்கடை மூடிக்கும் போக மிஞ்சுவது ஒரு முழம். கோயில் பிராகாரத்தைப் போல நடக்கத் தோதான இடம் எது? ஆனால் ஷூவோடு போக முடியாது. கழற்றினால் விழுந்துவிடுவாள்.

அதனால் பூங்கா தேடினோம். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார பாய்தான் கூட்டிப் போவார். கடற்கரையில் நடைபாதை முழுக்க மணல் ஏறிக் கிடந்தது, ஷூ வழுக்கியது, காற்றில் புடவை காலைச் சுற்றியது. ஊருக்குள் ஒரு பூங்காவில் மாடு நுழையாமலிருக்க வாசலில் சுழல் கம்பி வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு மாடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. என் மனைவியின் நாலுகால் ஊன்றுகோல்தான் நுழையவில்லை. இன்னொன்றில் வெயில் கொளுத்தும்போது திறந்து, தணியும்போது பூட்டினார்கள்.

திருநள்ளாறு பக்கம் ஒரு பூங்காவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி இருந்தது. அப்பாடா என்றிருந்தது. போய்ப் பார்த்தால் கம்பி நெடுக ஈரத் துணி. குளத்தில் முழுகிவிட்டு வந்தவர்கள் காயப்போட்டதா, தோஷம் கழித்துவிட்டுப் போனதா, யாருக்குத் தெரியும்? "யாரு புடிச்சு வச்சிருந்த சனியனோ, நான் தொட மாட்டேன்" என்று என் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். நானும் தொடவில்லை. பாய் சிரித்தார். "அண்ணே, உங்களோட பார்க் பார்க்கா ஏறி எறங்கி எனக்குத்தான் தொப்பை கொறைஞ்சிருக்கு" என்றார்.

கடைசியில் நெடுங்காடு போகிற வழியில் ஒன்று கிடைத்தது. வயலுக்கு நடுவே, புங்கமர நிழலில், வழவழவென்று வட்டப் பாதை. முதல் நாள் அவள் முழுச் சுற்று நடந்தாள். நான் பின்னாலேயே சிவசிவா என்று போனேன். வாரத்துக்கு வாரம் கால் தேறியது.

சதுர்த்தி வந்தது. அங்கே நடக்க வருகிறவர்கள் சேர்ந்து வட்டப் பாதைக்கு நடுவில் ஒரு கல் பிள்ளையாரை வைத்தார்கள். கொழுக்கட்டைக்கு அரிசி நான்தான் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம். பத்து நாள் கழித்து ஒரு காலையில் போனால் வாசலில் புதிதாக ஒரு பலகை: காலணியைக் கழற்றிவிட்டு வலம் வரவும். நடக்கிறவர்களுக்குத் தலைவர் போலிருந்த ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சாமி வந்தாச்சு. ஷூவை வெளியில விட்டுட்டு வாங்க."

"அது ஷூ இல்லீங்க. அவ காலே அதுதான்" என்றேன்.

அவர் யோசித்தார். கெட்டவர் இல்லை. உதவி செய்யத்தான் பார்த்தார். "அப்ப ஒண்ணு செய்யுங்க. எதிர்ப்பக்கமா சுத்துங்க. வலமா வந்தாத்தானே பிரதட்சணம்? இடமாப் போனா வெறும் வாக்கிங்தானே?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எங்களில் இடமாகச் சுற்றுவது பிணத்தை. என் மனைவி ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் உசுரோடதாங்க இருக்கேன். எங்க அப்பனை இடமாச் சுத்த மாட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

அப்புறம் போகவில்லை. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். சாமி சமாச்சாரத்தில் கை வைக்க முடியாது, சாமி கும்பிடுகிற நீங்களே இப்படிக் கேட்கலாமா என்று என்னையே கேட்டார்கள். குதிகால் மறுபடி இறுக ஆரம்பித்தது. பயிற்சிப் பெண் திட்டினாள். ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கோபப்பட்டேன், யார்மேல் என்று தெரியாமல்.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "ஏங்க, சுத்தினாத்தானே வம்பு? வாசல்லேர்ந்து சறுக்குமரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்." அப்படியே செய்தோம். பாதிப் பாதையில் போவதும் வருவதும். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு திரும்புவதுதான் கஷ்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் தாங்கிப் பிடிக்க வேண்டும். தை பிறந்தபோது ஊன்றுகோலை விட்டாள். லேசான நொண்டல் தங்கிவிட்டது. முழு வட்டம் கிடைத்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை.

இப்போது ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? வாதம் வந்த ஒரு அம்மா வெறுங்காலோடு அந்தப் பிள்ளையாரைச் சுற்றி நடை திரும்பினாளாம். கால் முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவருடைய பட்டையும் ஷூவும் வாசலில் கிடந்தன. மகன் அக்குளில் கை கொடுத்து நடத்தினான். பாதம் தரையில் உரசி விரலில் ரத்தம். ஓடிப்போய், அந்த அம்மா என் மனைவிதான், ஷூவைக் கழற்றவே இல்லை என்றேன். மகன் என் நெற்றியைப் பார்த்தான். "விபூதி மட்டும் பட்டையா பூசியிருக்கீங்க, நம்பிக்கை இல்லையா?" என்றான்.

பிள்ளையார் அவளைக் கைவிடவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அவள் நடந்தது பட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு. ஒருநாளும் கழற்றவில்லை, பிள்ளையார் வந்த பிறகு ஒரு சுற்றும் சுற்றவில்லை. படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள், ஷூவை விட்டுவிடாதீர்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.