மத்தியான மாத்திரை

பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். ஒரு மணிக்குள் முப்பது பெண்களுக்காவது மருந்து கொடுத்து முடித்துவிடுவேன். திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் மருந்தறை. நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையும் கம்பவுண்டர் வேலையும் படித்துத் தேறி, இருபத்துமூன்று வயதில் இங்கே வந்தேன். வந்த வாரமே மூன்று காரியங்கள் செய்தேன். அலமாரிக்குப் பூட்டு வாங்க வைத்தேன். ஒரு பெரிய நோட்டில் கட்டம் போட்டேன்: இடப்பக்கம் பெயர், மேலே தேதி, மருந்து கொடுத்தால் நீலப் பென்சிலில் ஒரு குறி. பிறகு பத்து விதிகள் எழுதி, தலைமை ஆசிரியையின் கையெழுத்தை வாங்கிக் கதவில் ஒட்டினேன்.

கொடுத்த மருந்துகள் பெரிய விஷயமில்லை. காய்ச்சலுக்குக் கொய்னா கலவை, ரத்தக் குறைவுக்கு இரும்பு மருந்து, சொறிக்குக் கந்தகக் களிம்பு, வயிற்றுப் பூச்சிக்கு மாத்திரை. கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள்ளிருந்து வரும் பிராமணப் பெண்கள் அவுன்ஸ் கிளாஸை உதட்டில் வைக்க மாட்டார்கள். அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வார்கள். கொய்னா நாக்கைத் தொடாமல் நேரே தொண்டைக்குப் போய்விடும். மற்றவர்கள் கசப்பில் முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு நிற்கும்போது இவர்கள் சிரிப்பார்கள். “எச்சில் பண்ணாம குடிச்சுப் பாரேண்டி, பாயசம் மாதிரி இருக்கும்!” என்று ஒருத்தி கேலி பண்ண, மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வீட்டுப் பெண்களும் அண்ணாந்துதான் குடித்தார்கள். எனக்குக் கிளாஸ் கழுவும் வேலை பாதியாகக் குறைந்தது.

விதிகளில் நான்காவது: எந்த மருந்தும் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு பெண் பூச்சி மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கைக்கும் கொடுத்துவிட்டாளாம். அந்த மருந்து அளவு மிஞ்சினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். சோறும் சுவரும் மஞ்சள் என்று குழந்தை அலற, வீட்டார் மந்திரவாதியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்ட அன்றே நான்காவது விதியை எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் பாரம் படித்தாள், பதினான்கு வயது. இடவ மாதம், நம் வைகாசியில், பள்ளி திறந்த வாரம் அவளுடைய அப்பா டாக்டர் சீட்டோடு வந்தார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கோட்டைக்குள் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். பெண்ணுக்கு வலிப்பு, பத்து நாளைக்கு ஒரு தடவையாவது வருகிறது. தினம் ஒரு வெள்ளை மாத்திரை. ஒரு நாள் விட்டுப்போனால் பாதகமில்லை, தொடர்ந்து விடக் கூடாது என்று சீட்டில் இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

“வீட்டுல குடுக்கலாமே?” என்றேன்.

“ஆத்துல இதுக்கு மயக்கம்னு பேர், சிஸ்டர். மயக்கம் யாருக்கும் வரும். மாத்திரை வந்துடுத்துன்னா அது வியாதியாயிடும். நாளைக்கு வரன் தேடறச்சே யார் வாயை மூடறது? அண்ணா மாந்திரீகம் பார்த்தாப் போதும்னு சொல்றார் ஆக்கும்.”

சரி என்றேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளி உண்டு. ஞாயிறு மட்டும்தான் விட்டுப்போகும். டாக்டர் சொன்ன அளவுக்குள் அது அடங்கியது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். கேட்டால் தலைவலி மருந்து என்று சொல்லப் பழக்கியிருந்தேன்.

மருந்து வேலை செய்தது. முதல் மாதம் வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. அடுத்த மிதுன மாதத்தில் ஒன்று வந்தது. அதற்கடுத்த கர்க்கடகத்தில் மறுபடி ஒன்று. பள்ளிக்கு வாரம் ஒரு முறை வரும் டாக்டரம்மா, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். “ஒழுங்காகக் கொடுக்கிறேன்” என்றேன். அதை நம்பி அவர் அரை மாத்திரை கூட்டினார். அந்தப் பெண் கணக்கு வகுப்பில் தூங்கி விழ ஆரம்பித்தாள்.

ஓண விடுமுறைக்கு நான்கு நாள் இருக்கும்போது, மழை கொட்டும் ஒரு மத்தியானம் அவளுடைய அம்மா மருந்தறைக்கு வந்தார். நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே பேசினார்.

“பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உக்காரச் சொல்லாதேங்கோ. ஓணத்துக்கு அப்புறம் அவ பள்ளிக்கூடம் வர மாட்டா.”

“என்ன மாமி ஆச்சு?”

“ரெண்டு தடவையும் அந்த நாளை ஒட்டித்தான் வந்தது, கேட்டேளா. மாசத்துல மூணு நாள் அவ பின்கட்டு ரூம்ல தனியா இருக்கறச்சே. என் ஓரகத்தி சொல்றா, ‘பள்ளிக்கூடத்துல கண்டவாளையும் தொட்டுண்டு வரா, தீட்டு நாள்ல அது பிடிச்சுக்கறது’ன்னு. இவரும் தலையை ஆட்டிட்டார். மாத்திரையும் பிரயோஜனமில்லேன்னுட்டார்.”

பள்ளிக்கூடம் நின்றால் மாத்திரையும் நின்றுவிடும். பழையபடி பத்து நாளைக்கு ஒரு தடவை. மாத்திரை இல்லாத அந்த வீட்டில் அதற்கு மயக்கம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

நோட்டை எடுத்தேன். அந்தப் பெண்ணின் வரியில் விரலை வைத்துக்கொண்டே போனேன். அதுவரை நீலக் குறிகளைத்தான் எண்ணியிருந்தேன். வராத நாளுக்குக் கட்டம் காலி. வராதவளுக்கு மருந்து கொடுப்பது என் வேலையில்லை. “ஒழுங்காக” என்று டாக்டரம்மாவிடம் சொன்னது அந்தக் கணக்கில்தான். இப்போது காலியான கட்டங்களை மட்டும் எண்ணினேன்.

இடவத்தில் செவ்வாய், புதன், வியாழன் அவள் வரவில்லை: மூன்று கட்டம் காலி. வலிப்பு வரவில்லை. மிதுனத்தில் திங்கள், செவ்வாய், புதன். அதற்கு முந்தினது ஞாயிறு: நான்கு. புதன் சாயங்காலம் வலிப்பு வந்திருக்கிறது. கர்க்கடகத்தில் வியாழன், வெள்ளி, சனி, பிறகு ஞாயிறு: மறுபடியும் நான்கு.

“ரெண்டாவது தடவை எப்ப வந்தது மாமி? ஞாயித்துக்கிழமைதானே?”

“ஆமாம். காலம்பர ஸ்நானம் பண்ணி உள்ளே வந்துட்டா. மத்தியானம் இலையில உக்காந்திருக்கறச்சே வந்தது.”

“அப்ப தீட்டு கழிஞ்ச பிறகுதான் வந்திருக்கு.”

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். “நீங்களே எண்ணிப் பாருங்க. முதல் மாசமும் அவ தனியாத்தான் இருந்தா. ஒண்ணும் வரல்ல. மூணு நாள் மருந்து இல்லாம உடம்பு தாங்கியிருக்கு. நாலு நாள் ஆனதும் தாங்கல்ல. ரெண்டு தடவையும் அப்படித்தான். இதைத் தீட்டு பண்ணல்ல மாமி, நான் பண்ணினது. ஞாயித்துக்கிழமையைச் சேர்த்து எண்ணாம விட்டுட்டேன்.”

அவர் குனிந்து, கட்டங்களின் மேல் கை படாமல், காற்றிலேயே விரலை நகர்த்தி எண்ணினார். ஒரு முறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

“அடுத்த மூணு நாள் ஓண லீவுக்குள்ளேயே வரும்,” என்றார் மெதுவாக. “லீவு பத்து நாளாச்சே. பத்தும் காலியாத்தானே இருக்கும்?”

“மாத்திரையை வீட்டுக்கு அனுப்பினா இருக்காது. ஆனா வீட்டுல ஒளிக்க இடம் வேணுமே?”

“என் ஓரகத்திக்குக் கடுகு டப்பாவுல எத்தனை கடுகுன்னு தெரியும்,” என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். “இருங்கோ. அந்த மூணு நாள்தான் சுலபம்! அவ இருக்கற ரூம் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அவ படுக்கையை யார் தொடப்போறா? மிச்ச நாளெல்லாம் பொட்டலம் என் மடியில. காலம்பரக் காப்பியோட உள்ளங்கையில வெச்சுடுவேன்.”

“தீட்டு நாள்ல மருந்து சாப்பிடலாமா?” என்று நானே கேட்டேன். பின்னால் அதுவே தடையாக வந்துவிடக் கூடாது.

“சாப்பிடப்படாதுதான். பாவம் வந்தா என் தலையில வரட்டும். எனக்குத் தலைமுடி நெறைய இருக்கு.” அந்த மத்தியானம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மிச்சமிருந்தது நான்காவது விதி. தலைமை ஆசிரியை மலையாளி. என்னோடு பேசும்போது தமிழும் மலையாளமும் அவருக்கு ஒரே பாஷைதான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது நீ எழுதின ரூல் அல்லே? என்னைக்கொண்டு கையொப்பிட வெச்சதும் நீ.”

“ஆமாம். எழுதினவதான் திருத்த வந்திருக்கேன்.”

“நாளைக்கு எல்லாக் குட்டியுடெ அம்மாவும் வரும். அப்போ எந்து செய்யும்?”

மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரின் சீட்டு இருக்க வேண்டும். பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து வாங்க வேண்டும். எத்தனை மாத்திரை என்று எண்ணிக் கொடுத்து, மிஞ்சினதைத் திருப்பி வாங்க வேண்டும். அவர் இரண்டு தடவை படித்தார். ‘நேரில்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். “இனி ஒண்ணு திருத்தினா நீதான் ஹெட்மிஸ்ட்ரஸ், மனசிலாயோ?”

டாக்டரம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “ஒழுங்காகக் கொடுக்கிறேன் என்று அல்லவா சொன்னீர்கள்?” என்று கேட்டார். தப்பு என்னுடையது என்றேன். எங்கே பிசகியது என்பதை நோட்டை வைத்துக் காட்டினேன். அவர் கூட்டின அரை மாத்திரையைக் குறைத்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று சீட்டு எழுதினார்.

விடுமுறைக்கு முந்தின நாள் அந்தப் பெண்ணின் அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை எந்தக் கோவில் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. பத்து மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டினேன். கூடவே ஒரு காகிதத்தில் மூன்று மாதக் கட்டங்களை வரைந்து கொடுத்தேன். “இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க. ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறவர், அவருக்குப் புரியும்.”

“நன்னாப் புரியும்,” என்றார். “ஒத்துப்பாரான்னுதான் தெரியல்லை.”

எனக்கும் அது தெரியவில்லை. ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் அம்மா பரிமாறிய சோற்றை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று வியாழன், நாளை வெள்ளி, மறுநாள் சனி: அவளுடைய மூன்று நாள் இதுவாக இருக்கலாம். என்ன எண்ணுகிறாய் என்று கேட்ட அம்மாவிடம் ஒன்றுமில்லை என்றேன். மருந்து சரி, அளவு சரி, நாளும் சரி; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டைத்தான் எனக்குத் தெரியாது.

பள்ளி திறந்த அன்று பன்னிரண்டரைக்கு வரிசையில் அவள் இல்லை. கொய்னாவைக் கொடுத்தேன், இரும்பைக் கொடுத்தேன். கடைசிப் பெண்ணும் அண்ணாந்து குடித்துவிட்டுப் போனாள். அலமாரியைப் பூட்டப் போகும்போது வெளியே ஓடிவரும் சத்தம் கேட்டது.

“சிஸ்டர், பூட்டிடாதேங்கோ! தையல் டீச்சர் விடலை.” மூச்சு வாங்கிக்கொண்டே பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். அதில் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது.

“இது?”

“திருவோணத்தன்னிக்கு மறந்துட்டோம். ஆத்துல ஒரே கூட்டம். மறுநாள் அம்மா என்னைத் திட்டினா, நான் அம்மாவைத் திட்டினேன்.”

“ஒரு நாள்தானே?”

“ஒரே ஒரு நாள்.”

“வந்ததா?”

“வரலை. அந்த மூணு நாளும் லீவுக்குள்ளேயே வந்துட்டுப் போயிடுத்து. அப்பவும் வரலை.”

அன்றைய மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கண்ணில் தூக்கம் இல்லை. கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன்.

“அப்பா என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. நீங்க குடுத்த கட்டத்தை ரெண்டு நாள் ஆபீஸ் பையிலேயே வெச்சிருந்தார். நேத்திக்கு ராத்திரி சாப்பிடறச்சே, பெரியப்பா எதிர்லேயே, அரைவருஷப் பரீட்சை என்னிக்குன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. தெரிஞ்சுண்டு வான்னார்.”

தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்து, பரீட்சை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.