வெறுங்குடம்

எனக்குச் சிப்பி பொறுக்கிய கதையெல்லாம் எழுத வராது. போன மாதம் பழைய ஊரிலிருந்து போனில் கூப்பிட்டவரிடம் அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே பதினோரு வருஷம் குடியிருந்தோம். இப்போது விழா மலர் போடுகிறார்களாம்.

"டீச்சர், நம்ம ஊரப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க. அல, காத்து, சின்னப்பிள்ளையில மணல்ல வெளயாண்டது, அப்படி நல்லதா எழுதுங்க. அந்தக் கெணத்த மறந்துராதீங்க. கடலுக்குப் பக்கத்துல நல்ல தண்ணி! ஊருக்கே பெருமைல்லா."

நம்ம ஊராம். என் அம்மாவை அந்தக் கிணற்றடியிலிருந்து விரட்டியவரின் மகன் இவர்.

எங்களுக்குச் சொந்த இடம் களக்காட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பாவுக்கு அந்த ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போனோம். எனக்கு அப்போது ஏழு வயது. ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு கிணறுதான் குடிக்க. எங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒரே சந்து. விடியற்காலையில் மீன்பிடிக்க வள்ளத்துக்குப் போகும் ஆண்களும் அதே சந்தில்தான் வருவார்கள்.

போன மூன்றாம் நாள் அம்மா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே நடந்து போனாள். சகுனம் தெரியாதவள் இல்லை. பெண் பார்க்கப் போனாலோ கல்யாணத்துக்குப் புறப்பட்டாலோ எங்கள் பக்கமும் வெறுங்குடம் எதிரே வரக்கூடாது. ஆனால் தினமும் போகிற வேலைக்கு யார் சகுனம் பார்ப்பது? வயலுக்குப் போகிறவன் அதையெல்லாம் பார்த்தால் உழவு நடக்காது. கடலுக்குப் போகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புறப்பாடு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏ மேக்கத்திக்காரி! வெறுங்குடத்தத் தூக்கிட்டு எதுக்க வாரியே, எங்களக் கொல்லவா பாக்குதே?" என்று முன்னால் வந்தவர் கத்தினார். மேற்கேயிருந்து வந்த எங்களுக்கு அங்கே அதுதான் பெயர். கத்தியவர் இந்த மலர்க்காரரின் அப்பா. வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். அன்றைக்கு அவர் வலையில் ஒன்றும் படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாயங்காலம் நாலு பெரிய மனிதர்கள் கூடினார்கள். மத்தியானத்துக்கு மேல், எல்லாரும் எடுத்து முடித்த பிறகுதான் அம்மா கிணற்றுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தக் கிணற்றில் கிடைப்பது கலங்கல். துணியில் வடிகட்டித் தெளியவிட்டு அதைத்தான் பதினோரு வருஷம் குடித்தோம். அப்பா போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பைய இரு, வேல போயிரும்" என்பார். அவர் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. செத்துப்போனவர் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது.

அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். குடத்தில் ஒரு கை தண்ணீர் விட்டுக்கொண்டு ஒருநாள் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள்.

"பாருங்க அண்ணாச்சி, வெறுங்குடம் இல்ல" என்று, வள்ளத்துக்குப் போக அந்த வழியே வந்த மலர்க்காரரின் அப்பாவிடம் சாய்த்துக் காட்டினாள்.

அவர் நிஜமாகவே குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு கை தண்ணி விட்டா நெறகுடம் ஆயிருமோ? போ, போ" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் எனக்கு யார் யார் சிரித்தார்கள் என்று தெரியும்.

அந்தக் கிணறு இப்போது கரித்துப்போய்விட்டது. ஊரே குழாய்த் தண்ணீர் குடிக்கிறது. அது மேற்கே ஆற்றிலிருந்து போகிற தண்ணீர். கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

எழுதி அனுப்பினேன். சந்து, குடம், எட்டிப் பார்த்தது, சிரிப்பு எல்லாம் அதில் இருந்தது. ஒரு வாரத்தில் மறுபடி போன் வந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். அந்தக் கெணத்துச் சங்கதிய மட்டும் எடுத்துருவோமா? பழச எதுக்குக் கிண்டணும்? ஒங்க அம்மையே இப்ப மறந்திருப்பாங்க."

"அத எடுத்தா மிச்சம் வெறுந்தாள்தான் இருக்கும். அதப் போட்டுக்கிடுங்க" என்று வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை மறைக்க அவர்களுக்கு என் வீட்டுச் சோறுதான் கிடைத்ததா?

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். நாங்கள் இப்போது திருநெல்வேலி டவுணில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னாலேயே குழாய். அம்மா வாசல் தெளித்துவிட்டு, பிளாஸ்டிக் குடத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் நடக்க நடக்க, குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் அலம்பியது. எந்தக் குடத்தையும் அவள் முழுக்கக் கவிழ்ப்பதில்லை. இத்தனை வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"எம்மா, இங்கன எவன் வள்ளத்துக்குப் போறான்? அதக் கொட்டித் தொலையேன்!"

அம்மா குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

"நீ வேலைக்குப் போறேல்லா" என்றாள்.