துண்டுகள் மட்டும் பத்திரமாக இருந்தன

"ஐயா, லத்தி எங்க?"

நஸ்ரின் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள். தோப்பூருக்கு அப்பால், கலீலின் வயலோரத்து மர நிழலில் நாங்கள் யானைச் சாணத்தைக் காயப்போட்டுவிட்டுப் போன சாக்குகள் வெறுமையாகக் கிடந்தன. பக்கத்து மாட்டுப்பட்டியில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் வெளிக்கள உதவியாளனாக இருந்து போன வருடம்தான் ஓய்வுபெற்றேன். இது அதற்கு முந்தின கதை. நான் கடலோர உப்புவெளிக்காரன். சொந்தக்காரர் எல்லாம் மீன் நாற்றத்தோடு வீடு திரும்ப, நான் மட்டும் யானை லத்தி நாற்றத்தோடு வருவேன். மனுசி என்னைக் குசினிப் பக்கம் அண்டவே விடமாட்டாள்.

நஸ்ரின் கிண்ணியாப் பிள்ளை. காடு வெட்டின நிலத்தில் வீரை மரம் திரும்ப வருமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீரைப்பழத்தைத் தின்கிற யானை, எங்கேயோ நடந்துபோய் லத்தி போடும். விதை அதற்குள் இருக்கும். லத்தியைப் பொறுக்கி, உலர்த்தி, அரித்து, விதையை எடுத்து முளைக்கப்போட வேண்டும். பழக்காலமோ முடியப்போகிறது. இந்தமுறை தவறினால் அவளுக்கு இன்னொரு வருடம் தர மாட்டோம் என்று மேலிடம் முன்னமே சொல்லிவிட்டது.

கலீல் பட்டியிலிருந்து ஓடிவந்தார்.

"அண்ணன், நுளம்பு மாட்டைத் திண்டு தீர்க்குது. காஞ்ச சாணி முடிஞ்சு போச்சு. இது சும்மாதானே கிடக்குது எண்டு புகை போட்டன்."

"சும்மாவா? ஒவ்வொண்டிலயும் இலக்கம் எழுதின அட்டைத் துண்டு கட்டி வச்சிருந்தமே, கண்ணில படேல்லையா?" நான் கத்தியே விட்டேன்.

"பட்டது, பட்டது. அதெல்லாம் கழட்டிப் பத்திரமா வச்சிருக்கன்."

ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே அத்தனை துண்டும், ஒன்றுகூடக் கசங்காமல். "சாம்பிள் எடுக்கிறம்" என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தோம். எழுத்து இருந்த துண்டைத்தான் மனிதர் சாம்பிள் என்று நினைத்திருக்கிறார். கோபத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நஸ்ரின் அழத் தொடங்கிவிட்டாள். அழுதழுதே விதைக் கதையை அவருக்குச் சொன்னாள்.

"யா அல்லாஹ்! அதுக்குள்ள மரமா இருந்தது?" கலீல் தலையில் கைவைத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தார். யானை என்றாலே வெடி கொளுத்துகிற ஆள் அவர். சிறுபோக நெல் வேறு அறுவடைக்கு நின்றது.

"பரவாயில்ல மாமா" என்றாள் நஸ்ரின். எங்கே பரவாயில்லை? பிறகு காட்டோரமெல்லாம் அலைந்தோம். யானைகள் வேறு பக்கம் போயிருந்தன. கிடைத்த பழைய லத்தியில் வெறும் புல்தான்.

ஒருநாள் காலை தொலைபேசி அடித்தது. கலீல்.

"அண்ணன், புள்ளையக் கூட்டிக்கொண்டு வாங்க. லத்தி கிடக்குது. நிறைய."

"எங்க?"

கொஞ்சம் தயங்கினார். "என்ட வயலுக்குள்ளதான்."

போய்ப் பார்த்தோம். வயலில் பாதி மிதிபட்டுச் சேறோடு சேறாகிக் கிடந்தது. வெடிக்கட்டு வரம்பில் கொளுத்தாமலே இருந்தது. கலீல் ஒவ்வொரு லத்தியையும் தென்னோலையால் மூடி, பக்கத்தில் தடி நட்டு, எங்களுடைய அந்தப் பழைய துண்டுகளில் ஒவ்வொன்றைக் கட்டியிருந்தார்.

"எது எதுக்கு எண்டு எனக்குத் தெரியாது. நீங்க பாத்து மாத்துங்க."

நஸ்ரின் ஓலையைத் தூக்கினாள். லத்தி நிறைய வீரை விதை. ஆனால் அவள் அதைத் தொடவில்லை. சாய்ந்துகிடந்த கதிர்களைக் கை நிறையச் சேர்த்து நிமிர்த்தப் பார்த்தாள்.

"உடு புள்ள, அது இனி எழும்பாது" என்றார் கலீல். "நீ இத அள்ளு. வெயில் ஏறுது."

விதைகள் முளைத்தன. நஸ்ரினின் ஆராய்ச்சியும் ஒப்பேறியது. களத்துக்குப் போகிற பிள்ளைகளே, எதைத் தேடுகிறீர்கள் என்று நிலத்துக்காரருக்கு முதல் நாளே விளங்கச் சொல்லிவிடுங்கள். தேடியது கிடைத்தால், துள்ளிக் குதிக்க முதல், அவர் முகத்தை ஒருக்கால் பாருங்கள்.