ஓர் அடுப்பில் இரண்டு மருமகள்கள்

விசைகளில் கை வைக்குமுன் ஜீவமணி வளையல்களைக் கழற்றி இழுப்பறைக்குள் போடுவாள். அப்புறம், கம்ப்யூட்டரின் தலையில் யாராவது காப்பி டம்ளரை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். இருந்தால் எடுத்து அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். “இது மேசை இல்ல அண்ணாச்சி.”

முத்தையாபுரத்துப் பக்கம் ஒரு ரசாயன ஆலை. 1978-இல் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரை இரண்டு சிஸ்டங்கள் பங்கு போட்டுக்கொண்டன. காலையில் ஸ்டோர்காரர்களுடையது, பிற்பகலில் கொதிகலனைக் கவனிக்கும் இன்ஜினீயர்களுடையது. ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலத்தில் ஒரு காந்தத் தட்டில் குடியிருந்தது. தட்டை மாற்றினால் மட்டும் போதாது. பதினாறு விசைகளை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி, பதினான்கு வரிகளைக் கையாலேயே ஊட்ட வேண்டும். அப்போதுதான் மிஷின் அடுத்த சிஸ்டத்தைக் கண்டுகொள்ளும்.

“ஒரு அடுப்புல ரெண்டு மருமவ. ஒருத்தி தொடச்சுக் குடுத்தாத்தான் அடுத்தவ ஒல வைக்க முடியும்” என்பாள் ஜீவமணி.

அட்டையில் ஓட்டை போடும் வேலைக்கு வந்தவள் அவள். முன்பிருந்த ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனதும் கையேட்டைப் பார்த்து இதைத் தானே படித்துக்கொண்டாள். மேலாளர் ராஜதுரைக்கு நம்பிக்கை வரவில்லை.

“மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆள் வாரான். நீங்க அட்டைக்கே போயிருங்கம்மா.”

“ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க சார்.”

வெள்ளிக்கிழமை, பத்து நிமிடத்துக்குள் மாற்றிக் காட்ட வேண்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பதினாறு சோழிகள் கிடந்தன. நிமிர்ந்தால் மேல், கவிழ்ந்தால் கீழ். அக்காள் அற்புதமணி எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது; ஆனாலும் தாளைப் பார்த்து ஒரு சோழி விடாமல் சரிபார்த்தாள்.

“ஏளா, ஆறாவது வரியில மூணாஞ் சோழி கவுந்து கெடக்கு.”

“கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டா இருக்க?”

“ஒன் மேனேசரு ஊத்திட்டு வருவாரு. திரும்ப வையி.”

வெள்ளிக்கிழமை ராஜதுரை கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, காப்பி டம்ளரைக் கம்ப்யூட்டர்மேல் வைத்தார். ஜீவமணி பார்த்தாள். டம்ளரை அங்கேயே விட்டாள். தட்டை மாற்றி, வரிகளை ஏற்றத் தொடங்கினாள்.

பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. ஆறாவது வரியில் மூன்றாவது விசை. தள்ளினோமா, இல்லையா? ஐந்து நிமிடம் போயிருந்தது.

“என்னம்மா, முடிஞ்சிட்டா?”

“சந்தேகமா இருக்கு சார். மொதல்ல இருந்து போடுதேன்.”

“நேரம் ஓடுது.”

“ஓடட்டும் சார். கோணலா ஏத்துனா வாரது பூராவும் கோணலாத்தான் வரும்.”

அதற்குப் பிறகு அவள் தாளைப் பார்க்கவில்லை. சோழி புரட்டிய விரல்கள் தாமாகவே ஓடின. டெலிபிரிண்டர் கடகடத்து இன்ஜினீயர்களின் சிஸ்டம் பெயரை அடித்தபோது, ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

“மெட்ராஸ்காரன வர வேண்டாம்னு எழுதிருதேன்” என்றார் ராஜதுரை.

ஜீவமணி இழுப்பறையிலிருந்த வளையல்களை உடனே எடுக்கவில்லை. கம்ப்யூட்டர்மேல் இருந்த டம்ளரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அது பதித்திருந்த ஈர வட்டத்தை முந்தானையால் துடைத்தாள்.