தம்பி பிடிலை எடுத்த காரணம்

என் தம்பி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வயது ஐம்பத்தொன்பது. பதினொரு வயதிலிருந்து பத்தொன்பது வரை பிடில் கற்றுக்கொண்டான். டிரைவர் லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே அதைப் பெட்டியில் வைத்து மூடினான். நாற்பது வருஷம் அந்தப் பெட்டி பீரோவின் தலையில், ஓடாத மின்விசிறிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டினான், மகளைப் படிக்க வைத்தான், மனைவியைப் பறிகொடுத்தான், மறுபடி வண்டி ஓட்டினான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவன் வீட்டோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினான். புதுக் கம்பி மாட்டினான். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் வாசிப்பு.

அவன் மகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பாட்டு டீச்சர் வந்திருக்கிறாராமே, உங்களுக்குத் தெரியுமா அத்தை என்று கேட்டாள். அந்த டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். இவனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

எனக்கு வேறு சந்தேகம். முறையாகப் பயிற்சி எடுத்து, நாற்பது வருஷம் நர்ஸாக நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவள் நான். ஒருவர் திடீரென்று பழக்கத்தை மாற்றினால் முதலில் உடம்பைப் பார், மனசை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்தேன். சீருடைச் சட்டையின் பொத்தான்களை அவிழ்க்காமல் தலைவழியாகக் கழற்றினான், தலைவழியாகவே மாட்டினான். இரண்டு முறை டம்ளர் கைநழுவி விழுந்தது. கேட்டால், ஈரம் என்றான். டம்ளர் காய்ந்துதான் இருந்தது.

வாசிப்பையும் கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒற்றை அறை வீட்டில் இவனுடைய பயிற்சியைக் காதில் வாங்கிக்கொண்டேதான் நான் என் பரீட்சைகளுக்குப் படித்தேன். அன்றைய பாடம் ஒன்றைத்தான் இப்போதும் தினமும் வாசித்தான்; அது ஏறி உச்சிக்குப் போகிற இடத்தில் ஒரு சுரம் வரவேண்டும். வரவில்லை. ஒன்பது நாள் கவனித்தேன், ஒரு நாளும் வரவில்லை. மறந்துபோனவன் நாளுக்கொரு இடத்தில் தடுமாறுவான். இவன் தினமும் அதே இடத்தில் தாண்டிக் குதித்தான்.

பத்தாம் நாள் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து நீட்டினேன்.

"இடது கையக் காட்டு. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல இதை இறுக்கிப் பிடி."

"என்னக்கா, விளையாட்டா?"

"பிடி."

இழுத்தேன். ஒரு பிடிமானமும் இல்லாமல் காகிதம் என் கையோடு வந்துவிட்டது. வலது கையில் கொடுத்து இழுத்தேன். கிழிந்தது.

அதற்குமேல் மறைக்க வழியில்லாமல் சொன்னான். நாலு மாதமாக அந்த இரண்டு விரலும் மரத்துப்போகிறதாம். அடுத்த மாதம் டிரைவர்களுக்கான வருடாந்திர உடல்தகுதிச் சோதனை. விரலுக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும், பிடிலைவிட அதற்கு வேறு நல்ல வேலை ஏது என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்திருக்கிறான். மற்றக் கம்பிகளில் சுண்டு விரல் வைக்கவேண்டிய இடம் வந்தால், விரலை வைக்காமல் அடுத்த கம்பியை வெறுமனே இழுத்துச் சமாளித்துவிடலாமாம். கடைசிக் கம்பிக்கு அடுத்த கம்பி கிடையாது. அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான். நீ வாய மூடிக்கிட்டு இருந்தா போதும்க்கா."

"மூடிக்கிறேன். நாளைக்குக் காலையில நானும் உன் பஸ்ல ஏறுறேன். முப்பத்திரண்டு பிள்ளைங்க பேரையும் சொல்லு, ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே வர்றேன்."

"இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா?"

"அது அஞ்சு விரல் இருந்த கை."

பிடிலையும் வில்லையும் கட்டிலில் வைத்தான்.

மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டான். பஸ்ஸை எடுக்கமாட்டான் என்று நான் நம்பவில்லை. பின்னாலேயே நடந்தேன். பஸ் ஷெட் இரண்டு தெருத் தள்ளி. நான் வாசலுக்குப் போனபோது அவன் பஸ்ஸை வேறொரு டிரைவர் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி மேற்பார்வையாளரின் மேஜையில் குனிந்து விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். காய்ச்சல் என்று எழுதியிருந்தான். நான் அங்கேயே நின்றேன். என்னைப் பார்த்தான், காகிதத்தைக் கசக்கினான், புதுத் தாள் வாங்கிக் கையைப் பற்றி எழுதினான். படித்துப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப்போனேன். அந்த அம்மா சின்ன வயசு, ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர். வண்டியில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டார். டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் மூடி இருக்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இடது முழங்கையை அதன்மேல் ஊன்றுவது இவன் வழக்கம். வருஷக்கணக்கில் ஊன்றி, முழங்கை எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பு நசுங்கியிருக்கிறது. இதற்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்றார். பிடில் வாசித்தேன் என்றான். பிடித்துக் காட்டச் சொன்னார். வெறுங்கையை மடக்கித் தோளுக்கு நேரே உயர்த்திக் காட்டினான்.

"முழங்கைய இப்படி மடக்கினா அந்த நரம்பு இன்னும் இறுகும். தினம் ஒரு மணி நேரமா?" என்றார் டாக்டர்.

மருந்து என்று நினைத்து நோயை வளர்த்திருக்கிறான். இரண்டு மாதம் வண்டியும் கூடாது, பிடிலும் கூடாது என்றார். இவன் முதலில் கேட்டது பிடிலைப் பற்றி. மறுபடி எப்போது எடுக்கலாம் என்றான். டாக்டர் சிரித்தார். பஸ்ஸைவிடப் பிடில்தான் பெரிது என்று எனக்கு முன்னால் போடுகிற நாடகமோ என்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை அந்தச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

உடல்தகுதிச் சோதனையில் அவனை நிறுத்திவைத்துவிட்டார்கள். இப்போது ஷெட்டில் டயர், பிரேக் பார்த்து வண்டிகளை வெளியே அனுப்புகிறான். பஸ் சாவி திரும்பி வராமலே போகலாம், அவனுக்கும் தெரியும். மோதிர விரல் தேறிவிட்டது, சுண்டு விரல் பாதி.

வாசிக்க டாக்டர் பத்து நிமிஷம் அனுமதித்திருக்கிறார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அத்தை எப்படி ரசித்துக் கேட்கிறார் என்று மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அவன் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.