தண்ணீர் நல்லதில்லை என்று சொன்னவர்

பிலோமினாவின் தம்பி காலையில் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். இரண்டு நாள் வாந்தி, பேதி. ஏற்கெனவே பழுதாகியிருந்த சிறுநீரகம் தாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாடி விழுந்துவிட்டதாம். எதனால் வந்தது என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

நானும் பிலோமினாவும் குடிநீர் அலுவலகம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் குழாய்களின் வரைபடம் வரைபவன். அவர் தண்ணீரைச் சோதித்துச் சொல்பவர். உங்களில் பலர் அவரை ஸ்கூட்டியில் பார்த்திருப்பீர்கள். தெருத்தெருவாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். என்னை "மிசியே" என்றுதான் கூப்பிடுவார். பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்; பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

அப்போது நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தேர்தல் நேரம். உப்பளம் பகுதியில் தான் குடியிருந்த தெருவிலேயே பிலோமினா குடிநீரில் சாக்கடை கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். குழாயை மூடச் சொல்லி எழுதினார். தேர்தல் முடியட்டும் என்றார் மேலதிகாரி. அன்று மாலையே பிலோமினா வீடு வீடாகப் போய், "குழாத் தண்ணியக் குடிக்காதீங்க" என்று சொன்னார். எதிர்வீட்டுச் செல்வி, "அப்ப எதத்தான் குடிக்கிறது, அக்கா?" என்று கேட்டாள்.

வேறு தண்ணீர் என்றால், அந்தப் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் அனுப்பும் லாரிதான். புதுக் குழாய் கேட்டு பிலோமினா ஒரு மனு எழுதினார். தெருப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"லாரிக்கு நிக்கிறவ எதுத்துப் பேச முடியாது மிசியே. வீட்டுக்குள்ள நல்ல தண்ணி வந்துட்டா, யாருக்கு வேணா ஓட்டுப் போடலாம்" என்றார் என்னிடம். மனுவோடு வைக்க, நான் வரைந்த அந்தத் தெருவின் வரைபடத்துக்கு நகல் கேட்டார். குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து போகும் இடம் அதில் தெளிவாக இருந்தது.

"ரிட்டயர் ஆவுற நேரத்துல என்ன மாட்டி விடாதம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி, விடுங்க" என்று எழுந்து போனார். கோபப்பட்டிருக்கலாம்.

மனு போன மறுநாள், லாரி அடுத்த தெருவுக்கு வந்தது. இந்தத் தெருவுக்குள் திரும்பவில்லை. நான்காம் நாள் பெண்கள் பிலோமினாவின் வாசலில் நின்றார்கள். நானும் அங்கிருந்தேன். "எங்க பேர எடுத்துடுங்கக்கா. மூணு புள்ளைங்க வச்சிருக்கேன்" என்று செல்வி அழுதாள். மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை பிலோமினாவே தன் கையால் எழுதினார். ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டார்கள். மறுநாள் லாரி வந்தது.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மூணு புள்ள இருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். ஆனால் அந்த லாரியில் அவர் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார். உடம்பு முடியாமல் போன பிறகு தினமும் காய்ச்ச முடிந்ததோ என்னவோ. அதற்குப் பிறகு இன்னொரு தேர்தலும் வந்து போனது. குழாய் மாறவில்லை.

அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. சொல்லாமலே லாரி வந்து நின்றது. அந்தக் கட்சிக்காரரும் மாலையோடு வந்தார். தம்பி அவரைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

நேற்று செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா இருந்தாங்க, சொன்னாங்க. இனிமே எங்க தண்ணி எப்படி இருக்குன்னு யாரு சார் சொல்லுவா?" என்று கேட்டாள் செல்வி.

பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். நான் வாங்கிக் குடிக்கும் கேன் தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். செல்வி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.